விழ இடம் பார்ப்பவள்

எந்த வரிசையில் நின்றாலும் அன்புக்கரசி முதலில் பார்ப்பது, மயங்கினால் எங்கே விழுவது என்பதைத்தான். கல் கூடாது, சாக்கடை மூடி கூடாது, ஆண்கள் நிற்கும் பக்கம் கூடவே கூடாது. ரேஷன் கடையில் அரிசி மூட்டையை ஒட்டி ஒதுங்குவாள். மந்தைவெளி பஸ் ஸ்டாண்டில் வாட்டசாட்டமான அம்மாள் யாருக்காவது பின்னால் போய் நிற்பாள். இடம் அமைந்த பிறகுதான் மூச்சு சீராகும்.

பட்டினப்பாக்கம் ஹவுசிங் போர்டில் வீடு, பதினொன்றாம் வகுப்பு. எட்டாவது படிக்கும்போது, காய்ச்சலும் வெறும் வயிறுமாக வந்த ஒரு திங்கட்கிழமை, பிரேயரில் சுருண்டு விழுந்தாள். புருவத்தில் மூன்று தையல். ஒருநாள் விழுந்த பெண், அன்றிலிருந்து விழுகிற பெண்ணாகிவிட்டாள். பள்ளிக்கூடமே ‘டொம்மு’ என்று கூப்பிடும். அவளும் காதுக்குப் பின்னால் வேர்க்கிறதா என்று ஓயாமல் கவனிப்பாள். கவனிக்கக் கவனிக்க வேர்க்கும். பிறகு காதில் இரைச்சல், கண்ணுக்குள் வெள்ளை. “வரப்போவுது” என்பாள், வந்துவிடும். நான்கு முறை விழுந்த பிறகு, பிரேயரின்போது அவளை மட்டும் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டார்கள்.

வீட்டு வேலைக்குப் போகும் அம்மா சுப்பம்மா லீவு சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். எல்லாச் சோதனையும் பார்த்த டாக்டர், மயக்கம் நிஜம்தான், ஆனால் உடம்பில் நோயில்லை என்றார். முதல் பாதி அன்புக்கரசியின் காதில் ஏறவில்லை.

“அப்போ நான் நடிக்கிறனா?” என்று பஸ்ஸிலேயே அழுதாள்.

“யாரு சொன்னா? அறுபத்துமூவர் திருவிழா அன்னிக்கு மாடவீதில நாலு மணி நேரம் நின்னுகினு இருந்தியே, அன்னிக்கு மட்டும் ஏன் வுழல?”

“அன்னிக்குக் கூட்டம்மா. வுழ எடமே இல்ல.”

சுப்பம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்கு வரவில்லை.

டிவியில் செய்தி வாசிக்க வேண்டும் என்பது அன்புக்கரசியின் ஆசை. மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது கடலைப் பார்த்து ‘வணக்கம்’ என்று தொடங்கி, வானிலை வரை வாசித்து முடிப்பாள். கணீர்க் குரல். அதற்காகவே தமிழ் மிஸ் மீனாட்சி, பிரேயரில் செய்தி வாசிக்க இரண்டு முறை கூப்பிட்டார். இரண்டு முறையும் மறுத்துவிட்டாள்.

“இந்த வெள்ளிக்கிழமையும் மாட்டேன்னா வேற பொண்ணுக்குக் குடுத்துடுவேன். அப்புறம் வருஷம் பூரா அவதான்.”

“ஒக்காந்துகினு படிக்கலாமா மிஸ்? டிவில ஒக்காந்துதானே படிக்கிறாங்க?”

வகுப்பு சிரித்தது. பக்கத்தில் உட்காரும் ஜுவேரியா மட்டும் அவள் தொடையில் கிள்ளினாள். “வுழுந்தா இன்னாடி? எழுந்து மிச்சத்தப் படி. நியூஸ் எங்கியும் ஓடிடாது.”

வெள்ளிக்கிழமை மைக் முன்னால் நின்றாள். தலைப்புச் செய்திகள் நன்றாகவே போயின. மாநிலச் செய்தியின் நடுவில் காதுக்குப் பின்னால் வேர்த்தது. இரைச்சல் தொடங்கியது. குரல் நின்று, மைக்கில் மூச்சு மட்டும் கேட்டது. அடுத்தது என்னவென்று எண்ணூறு பேருக்கும் தெரியும். முன்வரிசைப் பெண்கள் இருவர், தாங்கிப் பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்கள்.

அன்புக்கரசி ஒரு கையால் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். மறு கையிலிருந்த தாளாலேயே அவர்களைப் பின்னால் போகும்படி விசிறினாள். பிறகு, கட்டைவிரலைத் தாளில் ஓட்டி, விட்ட வரியைத் தேடினாள்.