பாட்டரிக்குப் பூசிய திருநீறு

அப்புத்தளைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மேனேஜர் துரையின் காரை நான்தான் ஓட்டினேன். அந்த மழைக்காலம் முழுக்கக் காலைதோறும் பாட்டரி செத்துக் கிடந்தது. துரை கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க, பனிமூட்டத்தில் கைப்பிடியைச் சுற்றிச் சுற்றி எஞ்சினை எழுப்புவேன். அவமானம் பிடுங்கித் தின்றது.

எனக்கு முன்கோபம், யோசிக்குமுன் வாய் முந்திக்கொள்ளும். கார்க் கொட்டகைச் சாவி என்னிடமும் பங்களாக் காவல்காரரிடமும்தான் இருந்தது. "அவருதாங்க தொர, ராத்திரில கார் லைட்டப் போட்டுப் பாக்குறாரு" என்று சொல்லிவிட்டேன். நான் அதைக் கண்ணால் கண்டதே இல்லை. அவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்ட துரை, மாதக் கடைசியில் வேலையை விட்டு, குடியிருந்த லயத்துக் காம்பராவையும் காலி பண்ணிவிட்டுப் போகச் சொன்னார். காவல்காரருக்கு மூன்று பிள்ளைகள்.

"நான் தொடவே இல்ல தம்பி" என்றார் என்னிடம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயில் திருநீற்றை வழக்கம்போல் கொண்டுவந்து கொடுத்தார். நானும் வழக்கம்போல் தண்ணீரில் குழைத்து, பாட்டரியின் தலையில் மூன்று பட்டை இழுத்தேன். சீக்கிரம் குணமாகட்டும் என்று இந்த முறை தடிப்பாகவே பூசினேன்.

மறுநாளும் பாட்டரி செத்துக் கிடந்தது. இப்போது சாவி என்னிடம் மட்டும்தான். 

வெலிமடை வரை காரை ஓட்டிச் சார்ஜ் ஏற்றி வந்து, மாலையில் பாட்டரியின் வயர்களைக் கழற்றிவைத்தேன். காரில் எது மின்சாரத்தைத் தின்றாலும் இனி தின்ன முடியாது. காலையில் வயரை மாட்டி ஸ்டார்ட்டரை அழுத்தினால், ஒரு முனகல்கூட இல்லை. அப்படியானால் கோளாறு காரில் இல்லை, பாட்டரியிலேயே இருக்கிறது. குனிந்து பார்த்தேன். என் மூன்று பட்டையும் பனி ஈரத்தில் காயாமல், கசிந்த ஆசிட்டோடு குழம்பி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை படிந்திருந்தன. அந்த ஈரத்தின் வழியாகத்தான் மின்சாரம் ஒழுகிக்கொண்டிருந்தது.

சோடா உப்புத் தண்ணீரால் கழுவித் துடைத்து, மறுபடி சார்ஜ் ஏற்றினேன். அடுத்த நாள் காலை தொட்டதுமே எஞ்சின் உறுமியது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை. நேரே துரையிடம் போய்த் தப்பு என்னுடையது என்றேன். வண்டி வண்டியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். காவல்காரருக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் அவர் திருநீற்றோடு வந்தார்.

"வண்டிக்கு வேணாம்ண்ணே. எனக்குப் பூசிவிடுங்க."

"லைட்டப் போட்ட கை தம்பி இது. பரவாயில்லையா?"

 தலை குனிந்தேன். அவர் பூசிவிட்டார்.