குதிகால் தாளம்

நான் கையைத் தூக்கினால் அறுபது பேர் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருக்கிறது, பொய் எதற்கு? வயலின், செல்லோ, குழல் எல்லாம் என் கையைப் பார்த்துக் காத்திருக்கும். ஆனால் அந்த ஒரு நொடியில் நான் அவர்களைப் பார்ப்பதில்லை. கடைசி வரிசையில், டிரம்ஸ் இருக்கும் மூலையில், அங்கே இல்லாத ஒருத்தனைத் தேடுகிறேன். இருபது வருஷமாக இதே பிழைப்பு.

அவன் உத்திரமேரூர் கடைத்தெருவில் இரும்புக் கடை வைத்திருக்கிறான். ஆணி, கீல், மண்வெட்டி, பம்புசெட் போல்ட் எல்லாம் கிடைக்கும். அவன் அப்பா தொடங்கிய கடை. எங்களுக்கு இருபது வயதானபோது நாலு பேர் சேர்ந்து ராக் அண்ட் ரோல் பேண்டு நடத்தினோம். நான் கிடார், அவன் டிரம்ஸ். மற்ற இருவரில் ஒருத்தன் பிறகு வாத்தியாரானான், இன்னொருத்தன் துபாய் போனான். உத்திரமேரூரில் ராக் அண்ட் ரோலா என்று நீங்கள் சிரிக்க வேண்டாம். அதை ஊர் அப்போதே சிரித்து முடித்துவிட்டது.

நெல் மில் ஓடாத நாட்களில் அங்கேதான் ஒத்திகை. உமித் தூசி தொண்டையில் ஏறி, பாடுகிறவன் பாதிப் பாட்டை இருமியே முடிப்பான். பெரிய டிரம் கல்யாண பேண்டு செட்டிலிருந்து வாங்கியது. சிம்பல் தட்டுக்கு அவன் கடையிலிருந்து ஒரு தகர மூடி. அவன் கண்ணை மூடிக்கொண்டுதான் வாசிப்பான். நான் குதிகாலைத் தரையில் ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டு வாசிப்பேன். கெட்ட பழக்கம். செருப்புக்கு ஆயுள் ஆறு மாசம்.

திருவிழாக்களில் எங்களைக் கூப்பிடுவார்கள், சினிமாப் பாட்டுக்காக. பத்து சினிமாப் பாட்டு வாசித்தால் எங்கள் பாட்டு ஒன்று என்று பேசி வைத்துக்கொள்வோம். அப்படித்தான் ஓர் ஆடி மாசம், மாகறல் பக்கத்தில் ஒரு கிராமத்தில் கூழ் வார்க்கும் விழாவுக்குப் போனோம். பகல் வேளை, கொளுத்தும் வெயில். பெஞ்சுகளின் மேல் பலகையைப் பரப்பி மேடை போட்டிருந்தார்கள். ஏறும்போதே ஊர்ப் பெரியவர் ஒருவர் எச்சரித்தார். "தம்பி, கரகம் வந்துச்சின்னா மைக்க நிறுத்திடணும். அப்ப பம்பைதான். வேற சத்தமே கூடாது, இன்னா?"

தலையாட்டினோம். யாருக்குத் தெரியாது இந்த வழக்கம்? கரகம் வரும்போது அம்மனே வருகிறாள் என்றுதான் அர்த்தம். அப்போது பம்பைக்காரருக்கு எதிரே எந்த மேளமும் வாய் திறக்கக் கூடாது.

எங்கள் பாட்டு நடுவில் இருக்கும்போது கரகம் தெருமுனையில் திரும்பியது. பாடியவன் நிறுத்திவிட்டான். பாஸ் கிடாரும் நின்றது. என் கையும் நின்றது. டிரம்ஸ் மட்டும் நிற்கவில்லை. கண்ணை மூடியவனுக்குக் கரகமாவது ஒன்றாவது! பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மேடையை நோக்கி ஓடி வருகிறார். இன்றைக்கு உதைதான் என்று நினைத்தேன்.

பம்பைக்காரர் முந்திக்கொண்டார். மேடைக்கு நேரே வந்து நின்று, தலையைச் சாய்த்து ஒரு நொடி கேட்டார். பிறகு சிரித்துக்கொண்டே அவன் அடிக்குள் தன் அடியை இறக்கினார். என் கை தானாகக் கிடாருக்குப் போனது. கரகம் ஏந்தியவர் அந்த இடத்திலேயே ஆடத் தொடங்கினார், குலவைச் சத்தம் எழுந்தது. பெரியவர் பாதி வழியில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். யார் யாருக்குத் தாளம் போட்டோம், யார் முடித்தோம், எதுவும் தெரியாது. முடிந்தபோது அண்டாவில் கூழ் ஆறிப்போயிருந்தது.

அப்படி ஒரு சங்கீதம் என் வாழ்க்கையில் அதற்கப்புறம் வரவில்லை.

அடுத்த வருஷம் அவன் அப்பா படுத்துவிட்டார், அவன் கடையில் உட்கார வேண்டியதாயிற்று. "நீ போடா, நான் பின்னாடியே வர்றேன்" என்று என்னைப் பஸ் ஏற்றினான். அவன் வரவில்லை. நானும் வா என்று ஒரு கடிதாசு போடவில்லை. மெட்ராஸ் ஸ்டுடியோக்களில் கிடார் வாசித்தேன், இசைக்குறிப்பு எழுதக் கற்றேன். ஒருநாள் இசைக்குழுவை நடத்துகிறவருக்குக் காய்ச்சல், வயலின் கூட்டத்துக்கு முன்னால் என்னை நிறுத்தினார்கள். அன்று நான் செய்த தப்பை பேண்டுக்காரன் மட்டும்தான் செய்வான். கையை வீசிவிட்டு, சத்தம் வரட்டும், அதைப் பிடித்துக்கொண்டு போகலாம் என்று காத்திருந்தேன். அவர்கள் என் கைக்காகக் காத்திருந்தார்கள். பாட்டு மெதுவாகி மெதுவாகி, சுமை வண்டி மேடேறுவது போல நடுவில் நின்றேவிட்டது. முன்வரிசையில் ஒரு வயலின்காரர் வாய்விட்டுச் சிரித்தார்.

டிரம்ஸ்காரன் முதுகில் சவாரி செய்தே பழகியவன் நான் என்று அன்றுதான் உறைத்தது. முன்னால் போகக் கற்றுக்கொண்டேன். குதிகால் தட்டும் பழக்கத்தையும் ஒழித்தேன், அந்தச் சத்தம் ஒலிப்பதிவில் விழுகிறது என்று திட்டு வாங்கினேனே! வீட்டில் ஒரு பலகையின் மேல் நிறையத் தண்ணீரோடு சொம்பை வைத்து, அதே பலகையில் நின்று கை வீசிப் பழகுவேன். ஒரு சொட்டு சிந்தினாலும் முதலிலிருந்து. "எதுக்கு இந்தச் சொம்பு பூஜை?" என்று மனைவி கேலி செய்வாள். இரண்டு வருஷத்தில் கால் மரக்கட்டையாகிவிட்டது.

போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், அந்த ஆடி மாசப் பகலை ஆர்கெஸ்ட்ராவுக்கான இசையாக எழுதி முடித்தேன். முதல் ஒத்திகையில் டிரம்ஸ் வாசித்த பையன் கெட்டிக்காரன், எழுதியதில் ஒரு புள்ளி பிசகவில்லை. அதுதான் பிரச்சினை. அப்போதே உத்திரமேரூருக்கு பஸ் ஏறினேன்.

அவன் யாருக்கோ ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். தாடி நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் தராசை அப்படியே விட்டுவிட்டு, "இன்னாடா, வழி தெரிஞ்சிச்சா?" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வந்த விஷயத்தைச் சொன்னேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் ஷட்டரை இழுத்துப் பூட்டினான்.

ஒத்திகையில் டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்து அவன் கண்ணை மூடினான். நான் கையை வீசினேன். எல்லாரும் தொடங்கினார்கள். அவன் மட்டும் குச்சியைத் தூக்கியபடியே இருந்தான். மறுபடி வீசினேன், அப்படியே இருந்தான். மூன்றாவது முறை கண்ணைத் திறந்தான்.

"ஒண்ணியும் வர்லியேடா."

"என்ன வரலை?"

"உன் குதிகாலு. பலக வழியா வருமே. அத வெச்சிதானே நான் வாசிப்பேன். கூழ் வாத்த அன்னிக்கு நீ கிடார நிறுத்திட்ட, கால நிறுத்தலியே. அதான் நானும் நிறுத்தல."

அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஷூவைக் கழற்றிவிட்டு, நின்ற இடத்தில் குதிகாலை ஓங்கி வைத்தேன். கீழே கார்பெட். நாலு தட்டுக்குள் கால் தடுமாறியது, ஐந்தாவது எங்கே விழ வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை. அவன் குச்சிகளைப் பக்குவமாக டிரம் மேல் வைத்தான்.

கச்சேரியில் அந்தப் பையன்தான் வாசித்தான். கைதட்டல் நிற்கவே இல்லை.

ஊருக்குத் திரும்ப பஸ் ஏறும்போது அவன் சொன்னான்: "ஆடில வாடா. நம்ம வூட்டு வாசல்ல பலக போட்டு வெக்கிறேன்." அதற்கப்புறம் ஆடி இரண்டு வந்து போய்விட்டது. இரண்டு முறையும் பலகை போட்டதாக போன் செய்தான். வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை. அந்தப் பலகையில் ஏறி நான் குதிகாலைத் தட்டி, அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுவிட்டு, மறுபடியும் ஒன்றும் வரவில்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வேன்?