சத்தம் போடாத சாட்சி

சுமதி பேனாவை மேஜையில் வைத்துவிட்டு, "இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன் சார்" என்றாள். கோர்ட் ஹாலே திரும்பிப் பார்த்தது. அரசு உதவி வழக்கறிஞராக இருந்த காலம் முழுவதிலும், மாஜிஸ்திரேட் முகத்துக்கு நேரே அப்படிச் சொன்ன சாட்சி வேறு யாரையும் நான் பார்த்ததில்லை.

சுமதி வல்லக்கோட்டைப் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்று வேலை பார்த்தவள். ஸ்டோர் ரூமில் வைத்து சூப்பர்வைசர் அவளைக் கட்டிப்பிடித்தான் என்பது கேஸ். புகார் கொடுத்த கொஞ்ச நாளில் கம்பெனி அவளை நிறுத்திவிட்டது. கேஸ் ஜெயித்தால் வேலையைத் திரும்பக் கேட்கலாம், ஊர் வாயையும் அடைக்கலாம் என்று நம்பியிருந்தாள்.

புதிதாக இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சாட்சி சொல்வது அப்படியே பதிவாவதில்லை. அவர் பேச்சுத் தமிழில் சொல்வார், ஜட்ஜ் அதைக் கோர்ட் தமிழாக்கி டைப்பிஸ்டுக்குச் சொல்வார். கடைசியில் 'படித்துக்காட்டக் கேட்டேன், சரி' என்ற வரி தானாக வந்து உட்கார்ந்துவிடும். படித்துக்காட்டுவதுதான் நடக்காது. சாட்சியும் கையெழுத்துப் போட்டுவிட்டு ஷேர் ஆட்டோ பிடிக்க ஓடுவார். படிக்கக் கேட்காமல் கையெழுத்துப் போடாதே என்று எல்லாச் சாட்சிகளிடமும் சொல்லியிருக்கிறேன். என் பேச்சைக் கேட்டவள் சுமதி ஒருத்திதான்.

குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார்: "வெளிய லைன் ஓடுது, அத்தன பேரு நிக்கிறாங்க. நீ ஏம்மா கத்தல?"

"வாய் வர்ல சார். கத்தணும்னுதான் பாத்தேன். தொண்ட அடச்சிக்கினு சத்தமே வர்ல."

ஜட்ஜ் டைப்பிஸ்ட் பக்கம் திரும்பி, "சம்பவத்தின்போது நான் சத்தம் போடவில்லை" என்றார்.

நான் எழுந்து, "அய்யா, சாட்சி அப்படிச் சொல்லலீங்க" என்றேன்.

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்? உக்காருங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சும்மா சொல்லக் கூடாது, அந்த ஜட்ஜ் லஞ்சத்துக்குக் கை நீட்டாதவர், கேஸை இழுத்தடிக்காதவர். ஆனால் அவர் மனதில் ஒரு பெண் இருந்தாள். அவளைத் தொட்டால் ஊரே கூடுகிற மாதிரி கத்துவாள். கூண்டில் நிற்பவள் அப்படிக் கத்தாதவள் என்றால் பொய் சொல்கிறாள், அவ்வளவுதான். செல்போனைப் பறிகொடுத்த ஆம்பளையிடம் நீ ஏன் கத்தவில்லை என்று எந்தக் கோர்ட்டாவது கேட்டதுண்டா? நான் கேள்விப்பட்டதில்லை.

கையெழுத்துப் போடும் நேரத்தில் சுமதி படிக்கச் சொன்னாள். டைப்பிஸ்ட் வேண்டாவெறுப்பாகப் படித்தார். அந்த வரி வந்ததும்தான் பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா பிரச்சினை?" என்றார் ஜட்ஜ்.

"நான் கத்தலன்னு சொல்லல சார். கத்த முடியலன்னு சொன்னேன். அது வேற, இது வேற."

எதிர்த்தரப்பு வக்கீல் சிரித்தார். ஜட்ஜ் முகம் கடுகடுவென்று ஆனது. ஆனாலும் சட்டம் தெரிந்தவர், வரியைத் திருத்தச் சொன்னார். வெளியே வந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "பின்னிட்டடி!" என்றேன். பாதிக் கேஸ் ஜெயித்துவிட்ட மாதிரி இரண்டு பேரும் டீ குடித்தோம்.

தீர்ப்பு நாளில் சூப்பர்வைசருக்கு விடுதலை. காரணத்தை ஜட்ஜே வாசித்தார். நீதிமன்றத்திலேயே ஒரு வரிக்காக இவ்வளவு துணிச்சலாக வாதாடிய பெண், சம்பவத்தின்போது பயத்தில் வாயடைத்து நின்றார் என்பது நம்பும்படியாக இல்லையாம்.

அடப்பாவி மனுஷா என்று கத்தத் தோன்றியது. எனக்கும் வாய் வரவில்லை.

அப்பீல் இன்னும் மேல் கோர்ட்டில் கிடக்கிறது. நான் ரிட்டயர் ஆகிவிட்டேன். அந்தத் திருத்திய வரி ஒன்றுதான் அப்பீலில் எங்களுக்கு இருக்கும் பிடி. அதனால் பிள்ளைகளே, படிக்கக் கேள் என்று சாட்சிகளிடம் நீங்களும் சொல்லுங்கள். கேட்டால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வரும் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தீர்ப்பு வந்த அன்று வராந்தாவில் சுமதி அழவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னிக்கு கத்தலன்னு நம்பல. இன்னிக்கு பேசிட்டேன்னு நம்பல. நான் எப்பதான் மேடம் வாயத் தொறக்கணும்?"