தாழ்ப்பாள் இல்லாத கொல்லை

முயல் வளர்க்கப்போகிறேன் என்று நோரா ராக்லிஃப் சொன்னபோது நான் அவள் சமையலறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். டிராம் ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று, மனைவியையும் அடக்கம் செய்துவிட்டு, பக்கத்து வீட்டில் வெட்டியாக இருந்தவன் நான். மரவேலை தெரியும் என்று என்றைக்கோ பீற்றிக்கொண்டது அன்று வினையாக முடிந்தது.

"துணை வேணும்னா ஒரு நாய வளர்த்துட்டுப் போயேன்" என்றேன். "முயல வச்சிக்கிட்டு என்ன பண்ணப்போற?"

"நாய் குரைக்கும், லெஸ்லி."

"குரைக்கிறதுக்குத்தானே நாய்?"

"யார் வர்றாங்கன்னு அதுக்கு என்ன தெரியும்? வர்றவன் மேல பாய்ஞ்சு குதறிடுச்சுன்னா?"

நான் கோப்பையைக் கீழே வைத்துவிட்டேன். வருகிறவன் யார் என்று, மீன்பிடித் துறைமுகமான ஃப்ளீட்வுட்டில் எங்கள் தெருவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். அவள் கணவன் வில்ஃப். வடக்கே தூரக் கடலுக்கு மீன்பிடிக்கப் போன கப்பலோடு ஒரு ஜனவரி மாதம் காணாமல் போனவன். அது நடந்து முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. கப்பலின் ஒரு பலகைகூடக் கிடைக்கவில்லை. தேவாலயத்தில் சவப்பெட்டி இல்லாமல் ஜெபம் நடந்தது. நோரா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள், முன்வரிசையில் உட்கார்ந்தாள், பாட்டெல்லாம் பாடினாள். வீட்டுக்குத் திரும்பியதும் கோட்டைக் கழற்றிவிட்டு அவனுக்கும் சேர்த்து உருளைக்கிழங்கு உரித்தாள். இதை என் மனைவி கண்ணால் பார்த்தவள்.

அந்தக் காலத்தில் கடலுக்குப் போகும் ஆண்களின் வீட்டில் கப்பல் கிளம்பும் நாளில் துணி துவைக்க மாட்டார்கள். துவைத்தால் அவனையும் சேர்த்து அலசி விட்டுவிடுவோம் என்று பயம். நோராவும் துவைக்கவில்லை. வாசலில் நின்று கையும் ஆட்டவில்லை, அதுவும் ஆகாது. எல்லாம் முறைப்படிதான் செய்தாள். அதனால்தான் அவன் போய்விட்டான் என்பதை அவளால் நம்ப முடியவில்லை என்று நினைக்கிறேன்.

எங்கள் வீடுகளின் கொல்லையைச் சுற்றி ஆளுயரத்துக்கு மேல் செங்கல் மதில். மேலே கண்ணாடிச் சில்லு பதித்திருக்கும். பின்சந்துக்குப் போக ஒரே ஒரு மரக்கதவு. கப்பல் கரைக்கு வந்தால் ஆண்கள் மீன் நாற்றத்தோடு அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்கள். கடலில் ஏற்றம் எப்போது வருகிறதோ அப்போதுதான் கப்பல் துறைமுகத்துக்குள் நுழைய முடியும், அது நள்ளிரவாகவும் இருக்கலாம். வில்ஃப் சாவியைத் தொலைப்பதில் மன்னன். அதனால் நோரா கதவைத் தாழிடாமல் சும்மா சாத்தி வைப்பாள். பழைய தாழ்ப்பாள் துருப்பிடித்து உதிர்ந்து விழுந்தபின் வேறொன்று போட அவள் யாரையும் விடவில்லை. வசந்தகாலம் வந்தால் கதவுக்குப் பச்சை வண்ணம் அடிப்பாள். தாழ்ப்பாள் இருந்த ஆணி ஓட்டைகளின் மேலும் சேர்த்தே அடிப்பாள்.

நானும் அந்தக் கதவு வழியாகத்தான் போய்வந்தேன். முன்கதவைத் தட்ட முடியாது. வில்ஃபின் கப்பலைப் பற்றிய செய்தி சொல்ல வந்த பாதிரியார் தட்டியது முன்கதவைத்தான். அதற்குப்பின் தபால்காரர் தட்டினால்கூட அவள் முகம் வெளுத்துப்போகும். சரி என்று கொல்லைப்பக்கம் போனால் அங்கே வேறொரு கஷ்டம். கதவு கிறீச்சிட்டதும் சமையலறை ஜன்னலில் அவள் முகம் நிமிரும். ஒரு நொடிக்கு அந்த முகத்தில் வரும் வெளிச்சத்தை நான் வேறெந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. பிறகு அது அணையும். "ஓ, நீதானா" என்பாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு வலித்தது. யாருக்குத்தான் வலிக்காது?

இருக்கட்டும், முயலுக்கு வருகிறேன்.

கைவிடப்பட்ட முயல்களை எடுத்து வளர்க்கும் பெவர்லி என்கிற பெண்மணி சும்மா தூக்கிக் கொடுத்துவிடுகிற ரகம் இல்லை. முதலில் கூண்டைக் கட்ட வேண்டும். அவள் வந்து பார்த்துத் திருப்திப்பட வேண்டும். அப்புறம்தான் முயல். அதுவும் ஜோடியாகத்தான், ஒற்றை முயலாகத் தரமாட்டாள். கடையில் விற்கும் கூண்டு எதற்கும் உதவாது என்று நோரா முடிவு கட்டிவிட்டாள். "அதுல முயல் திரும்பிப் படுக்கணும்னா வால வெளியில வைக்கணும்" என்றாள். முயலுக்கு வால் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். முறைத்தாள்.

ஆகவே நான் மரம் அறுத்தேன். ஓர் ஆள் நீட்டிப் படுக்கும் நீளத்துக்கு உயரமான கால்கள் வைத்த பெட்டி. பாதி அடைத்த படுக்கையறை, பாதி கம்பிவலை. மழைக்குச் சாய்வான கூரை, அதன்மேல் தார்ஷீட். கடல்காற்று மேற்கிலிருந்து அடிப்பதால் பெட்டியின் முதுகை அந்தப்பக்கம் திருப்பி வைத்தோம். பெட்டியிலிருந்து இறங்க ஒரு சாய்வுப்பலகை. அது போய்ச் சேரும் இடத்தில் இரண்டும் ஓடியாட, எழுந்து நின்று காதை நிமிர்த்தினாலும் இடிக்காத உயரத்தில் வலை அடித்த பெரிய அடைப்பு. இரவும் பகலும் பெட்டிக்கும் அடைப்புக்கும் அதுகள் இஷ்டம்போல் போய்வரலாம்.

அடைப்புக்கு நான் மலிவாகக் கோழிவலை வாங்கி வந்திருந்தேன். நோரா அதை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன்னும் பின்னும் துறைமுகத்தில் கப்பல் வலை பின்னியவள் அவள். வலை விஷயத்தில் அவளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இது எதுக்கு?"

"முயல் வெளிய போகாம இருக்க."

"முயல் போகாது. நரி வரும். நரி பல்லுக்கு இது நூல் மாதிரி. எடுத்துட்டுப் போய்க் குடுத்துட்டு, கம்பிய ஒட்டவச்சுப் பண்ணின வெல்டு மெஷ் வாங்கிட்டு வா."

"நோரா, இது கனமான கம்பிதான்."

"நீ டிராம் ஓட்டினப்போ நான் வந்து பிரேக்கப் பத்திச் சொன்னேனா?"

போய் மாற்றிக்கொண்டு வந்தேன். முயல் தோண்டிப் போகாமலும் நரி தோண்டி வராமலும் தரைக்கடியிலும் வலை விரித்து அதன்மேல் கற்பலகை பாவினோம். அடைப்புக்குள் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி. அதற்கு இரண்டு வாசல், ஒன்றில் ஆபத்து வந்தால் மற்றதில் தப்பிக்க. கூண்டுக்கதவுக்கு மேலும் கீழுமாக இரண்டு தாழ்ப்பாள்.

எல்லாம் முடித்துவிட்டுக் கொல்லைக் கதவைப் பார்த்தேன். "இதுக்கும் ஒண்ணு போட்டுடறேன். நரி சந்து வழியாத்தான் வரும். மதில்ல கண்ணாடி இருக்கு, ஏறாது. இந்தக் கதவ மூக்கால தள்ளினாப் போதும், தொறந்துக்கும்."

"அது வேணாம்."

"முயலுக்குக் கோட்டை கட்டிட்டு..."

"வேணாம்னு சொல்லிட்டேன், லெஸ்லி."

பெவர்லி வந்தாள். வலையைப் பிடித்து உலுக்கினாள், பெட்டிக்குள் தலையை விட்டாள், பாராட்டினாள். கடைசியில் அவள் பார்வையும் அந்தக் கதவில்தான் போய் நின்றது.

"இதுக்குத் தாழ்ப்பாள் இல்லையா, மிசஸ் ராக்லிஃப்?"

"இவர் நாளைக்குப் போடறேன்னு இருக்கார், கண்ணு" என்று நோரா என்னைக் கைகாட்டினாள். முகத்தில் சின்னச் சலனம்கூட இல்லை.

"கட்டாயம் போட்டுடுங்க சார். நரி வலைய அறுக்கணும்னு இல்ல. சுத்திச் சுத்தி வந்தாலே போதும், இதுங்களுக்கு நெஞ்சு நின்னுடும்."

மறுநாள் நான் நிஜமாகவே ஒரு நல்ல இரும்புத் தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு போனேன். நோரா அதை வாங்கிப் பார்த்தாள், நன்றி சொன்னாள், ரப்பர் பேண்டும் பழைய சாவியும் கிடக்கும் டிராயரில் போட்டு மூடினாள்.

முயல்கள் வந்தன. பழுப்பாக இருந்த ஆண் பிஸ்கட், சாம்பல் நிறத்துப் பெண் மேபெல். பிஸ்கட் ஊர்சுற்றி. அடைப்பின் மூலைமுடுக்கெல்லாம் மோந்து பார்த்துவிட்டு வந்து மேபெலின் பக்கத்தில் விழுவான். அவள் அவன் காதை நக்கிச் சுத்தம் செய்வாள். நோரா ஜன்னலுக்கு உள்ளே நின்று இதைப் பார்த்துக்கொண்டே பாத்திரம் கழுவுவாள். "பாரு, இவன் போயிட்டு வந்தா இவ ஒரு வார்த்த திட்டறதில்ல" என்று ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது. முயல்மேல் எனக்கிருந்த எதிர்ப்பை அன்றோடு கைவிட்டேன்.

இலையுதிர்காலம் முடியும் சமயம். காலையில் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து நோரா என்னைக் கூப்பிட்டாள். கத்தவில்லை. சாதாரணக் குரலில்தான் கூப்பிட்டாள், அதுதான் என்னைப் பயமுறுத்தியது.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது. கற்பலகையில் ஈரமான நரிக்கால் தடம், அடைப்பைச் சுற்றிச் சுற்றி. வலை ஓரிடத்திலும் விட்டுக்கொடுக்கவில்லை. உள்ளே பிஸ்கட் ஒரு காயமும் இல்லாமல், இரண்டு வாசல் வைத்த பெட்டிக்கு எதிரில் நீட்டிக் கிடந்தான். மேபெல் படுக்கையறைக்குள் இருந்து பின்காலால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"கதவு திறந்திருந்துச்சு" என்றாள் நோரா.

நான்தான் அப்போதே சொன்னேனே என்ற வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். போய் மண்வெட்டி எடுத்து வந்தேன்.

"மேபெல் பார்க்கறதுக்கு முன்னாடி புதைச்சிடலாம்" என்றேன். எனக்கு அதுதான் கருணையாகத் தோன்றியது.

"இரு. பெவர்லிகிட்ட போன்ல கேட்டுட்டேன். தோண்டாத."

"என்ன சொன்னா?"

"அவன அவ பக்கத்துலயே கொஞ்ச நேரம் விட்டு வைக்கணுமாம். பார்க்கட்டும், மோந்து பார்க்கட்டும்னா. திடீர்னு எடுத்துட்டா தேடிக்கிட்டே இருக்குமாம். தீனி திங்காதாம். தின்னலைன்னா முயல் ரெண்டு நாள்கூடத் தாங்காதாம்."

அவன் கிடந்த இடத்திலேயே அவனை விட்டோம். நோரா கோட்டை மாட்டிக்கொண்டு, வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடைப்பின் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். வெகுநேரம் கழித்து மேபெல் சாய்வுப்பலகையில் இறங்கி வந்தாள். பிஸ்கட்டை மூக்கால் தள்ளினாள். காதை நக்கினாள். அவன் எழுந்திருக்கவில்லை. அவன் முதுகு ரோமத்தைப் பல்லால் பிடித்து இழுத்தாள். அவன்மேல் ஏறி இறங்கினாள். கொஞ்சம் கோபம்கூட இருந்தது அதில். பிறகு அவன் விலாவோடு ஒட்டிப் படுத்து, அசையாமல் கிடந்தாள். தூறல் போட்டது. நோரா எழுந்திருக்கவில்லை. நான் டீ போட்டுக்கொண்டு வந்து கொடுத்ததை அப்படியே கையில் வைத்திருந்தாள், ஆறிப்போனது.

மத்தியானம் ஆகும்போது மேபெல் எழுந்தாள். அவனை இன்னொரு தடவை மோந்து பார்த்தாள். பின்பு திரும்பி, புல்கட்டு இருந்த மூலைக்குப் போய் ஒரு புல்லைக் கடித்து இழுத்தாள். மெல்லும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றாள் நோரா.

"ஆமா."

"ஒரு காலைப்பொழுதுதான் ஆச்சு, லெஸ்லி. ஒரே ஒரு காலைப்பொழுது." ஆறிய டீயைக் கீழே வைத்தாள். "எனக்கு யாரும் காட்டலையே. கையில ஒரு காகிதம் குடுத்தாங்க, தேவாலயத்துல பேரப் படிச்சாங்க. அவன் முகத்த யாரும் எனக்குக் காட்டலையே. நான் எப்படி நம்பறது?"

அவள் அழுது நான் அதற்குமுன் பார்த்ததில்லை. அந்த ஜெபத்தின்போதும் அவள் அழவில்லை என்று என் மனைவி சொல்லியிருக்கிறாள். வாளிமேல் உட்கார்ந்து, வலையை விரல்களால் பிடித்துக்கொண்டு, நெற்றியை அதில் முட்டுக்கொடுத்து அழுதாள். எனக்கும் அழுகை வந்தது. வில்ஃபுக்காகவா, என் மனைவிக்காகவா, பிஸ்கட்டுக்காகவா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் தோளில் கை வைத்தேன். அவள் தள்ளிவிடவில்லை.

பொழுது சாயும்போது பிஸ்கட்டை ரோஜாச்செடிக்குக் கீழே புதைத்தோம். மண்ணை மூடி, மண்வெட்டியைத் துடைக்கும்போது அவள் உள்ளே போய் டிராயரை இழுக்கும் சத்தம் கேட்டது. தாழ்ப்பாளோடு வந்தாள்.

"திருப்புளி இருக்கா?"

"இன்னைக்கே போடணும்னு இல்ல, நோரா. அடைப்ப வேற இடத்துக்கு மாத்தி வச்சிக்கலாம். கதவு அப்படியே இருக்கட்டுமே." இத்தனை நாள் தாழ்ப்பாள் போடச் சொல்லி அவளை நச்சரித்தவன் நான். அந்த நேரத்தில் அவளுக்காக நான் பயந்தேன்.

"மேபெல் இருக்கா. நாளைக்கு அவளுக்கு ஒரு ஜோடி வரும். போடு."

பச்சை வண்ணத்தைச் சுரண்டி, பழைய ஓட்டைகளைக் கண்டுபிடித்து, அவற்றிலேயே திருகாணியை முடுக்கினேன். மரம் இன்னும் கெட்டியாகத்தான் இருந்தது. முடித்துவிட்டு நகர்ந்து நின்றேன். நோரா கதவைத் திறந்து சந்தை இரண்டு பக்கமும் பார்த்தாள். மழைநீர் வழிந்துகொண்டிருந்தது, ஒரு ஈ காக்கைகூட இல்லை. கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் புதிது, இறுக்கமாக இருந்தது. உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டித் தள்ளினாள்.

"குட்நைட், வில்ஃப்" என்றாள், கதவைப் பார்த்து.

அப்போதுதான் நான் உள்ளே மாட்டிக்கொண்டது எனக்குத் தெரிந்தது. அவள் என்னை வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் முன்கதவைத் திறந்துவிட்டாள்.

மறுநாள் காலை மேபெலுக்கு முட்டைக்கோஸ் இலை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பழக்கத்தில் பின்சந்துக்கே போய்விட்டேன். கதவைத் தள்ளினேன், அசையவில்லை. சுற்றிக்கொண்டு தெருவுக்கு வந்து முன்கதவின் எதிரில் நின்றேன். தட்டக் கையைத் தூக்கிவிட்டு இறக்கினேன், மறுபடியும் தூக்கினேன். அந்தக் கதவைத் தட்டி அவளை நடுங்க வைக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனால் வேறு வழியும் இல்லை. மெதுவாகத் தட்டினேன்.

காலடிச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல் வந்தது. கதவு திறந்தது. அவள் முகம் வெளுக்கவில்லை, வேறு யாரையும் தேடவும் இல்லை.

"வா, லெஸ்லி" என்றாள். "காலத் தொடைச்சிட்டு வா. இப்பதான் கழுவி விட்டேன்."