பையில் இல்லாத ஸ்பிரிங்

வண்டி திருத்துற என்ட கராச்சில ஒரு வழக்கம். கழட்டின பழைய சாமானை எறியமாட்டன். ஒரு பையில போட்டு வண்டிக்காரர்ட கையிலயே குடுத்திருவன், "பாருங்க, மாத்தினது இவ்வளவும்தான்" எண்டு. கிண்ணியா ஜெமீலுக்கு நல்ல பேர் வந்ததே இந்தப் பையாலதான். இருபது வருசத்தில ஒருத்தனும் என்னைப் பொய்யன் எண்டு சொன்னதில்ல. அந்தப் பேர் நாசமாப் போக.

இறக்கக்கண்டி பாக்கியரத்தினம் அண்ணன்ட, கடற்கரை மணலில ஓடுற நாலு சில்லு பைக்கை அவர்ட மகள் பிரியதர்சினிதான் கொண்டு வந்தா. ஹோட்டல் ஒண்டு கழிச்சு விட்ட பழசு. அதில கயிறு கட்டித்தான் அவங்க வள்ளத்தைக் கரைக்கு இழுக்கிறவங்க. எஞ்சின் கத்துது, சில்லு இழுக்குதில்ல எண்டா. திறந்து பார்த்தன். கிளட்ச் பிளேட்டெல்லாம் தேஞ்சு கறுத்துப்போய்க் கிடந்தது.

புதுப் பிளேட் வந்தது. அதை அமத்திப் பிடிக்கிற ஸ்பிரிங் வரல்ல. கொழும்பில இருந்து வர இன்னும் ஏழு நாள், ஒரு கிழமை செல்லுமாம். அண்டைக்கு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்குப் பாங்கும் சொல்லிட்டாங்க. பழைய ஸ்பிரிங்கைக் கையில எடுத்து நெரிச்சுப் பார்த்தன். தளர்ந்துதான் போயிருந்தது. தெரிஞ்சுகொண்டே அதையே திருப்பிப் பூட்டினன். "எல்லாம் புதுசு தங்கச்சி" எண்டு பையைக் குடுத்திட்டுப் பள்ளிக்கு ஓடினன். யா அல்லாஹ், தொழப் போற வாயால சொன்ன பொய்!

ரெண்டு கிழமையும் போகல்ல. பிரியதர்சினி வண்டியை ஓட்டி இழுக்க, வள்ளம் பாதி மணல் ஏறினபோது கிளட்ச் வழுக்கிட்டுது. வள்ளம் பின்னுக்குச் சரிஞ்சு, பின்னால நிண்டு தள்ளின அண்ணன்ட காலில ஏறிட்டுது. முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு போச்சு.

கரை முழுக்க ஒரே கதை: "பொம்பிளைப் பிள்ளைட்ட வண்டியக் குடுத்தா இப்பிடித்தான்." அண்ணனும் அதையேதான் சொன்னாராம். மகள் பிழையா ஓட்டினதால வந்த வினையாம். கேள்விப்பட்டும் நான் வாய் திறக்கல்ல. ஒரு மாசம். என்ன மனிசன் நான்! சோறு இறங்கல்ல. என்ட மனிசி றுக்கியா "உங்களுக்கு என்ன வருத்தம்?" எண்டு கேட்டுக் கேட்டுக் களைச்சுப்போனா.

நேற்றுப் பின்னேரம் போனன். அண்ணன் பிளாஸ்டர் போட்ட காலை நீட்டிக்கொண்டு கதிரையில இருந்தார்.

"வா தம்பி. அந்த வண்டிய யாருக்கும் வித்துக் குடு. அவள் அதைத் தொடுறாளுமில்ல, கரைப்பக்கம் வாறாளுமில்ல. என்னோட கதையுமில்ல."

"அண்ணன், தங்கச்சில பிழையில்ல. பிழை என்னில. பழைய ஸ்பிரிங்கைத்தான் திருப்பிப் பூட்டினனான். நான் தந்த பையைப் பாருங்க. பிளேட் மட்டும்தான் இருக்கும், ஸ்பிரிங் இருக்காது."

ஏசுவார், காறித் துப்புவார் எண்டு நிண்டன். அவர் என்னைப் பார்க்கவே இல்ல. குசினி வாசலைப் பார்த்தார். அங்க பிரியதர்சினி நிண்டா.

"வள்ளம் சரிஞ்ச அண்டைக்கே சொன்னவள் தம்பி," எண்டார் அண்ணன். "'அப்பா, பையில ஸ்பிரிங் இல்ல, பாருங்கோ' எண்டு ஆசுபத்திரிக்கே பையைக் கொண்டு வந்தவள்."

அவர் மகள் பக்கம் கையை நீட்டினார்.

"ஜெமீல் பொய் சொல்லமாட்டான் எண்டு சொல்லித்தான் அவளுக்கு அடிச்சனான்."