மக்காச்சோளக் குருத்தில் ஒரு புழு

இன்று காலை பெரம்பலூர் பஸ்ஸில், வாலிகண்டபுரத்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்த பெண் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க அந்த வாட்ஸப் பூச்சி குரூப்புல போட்டோ பாத்துப் பேரு சொல்ற மேடம்தானுங்களே?"

ஆமாம் என்றேன்; குழுவில் என் பெயரோடு என் படமும் இருக்கிறது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அவர் போன மாதம் குழுவில் போட்ட படத்தைக் காட்டினார். மக்காச்சோளக் குருத்துக்குள் பாதி உடம்பை நுழைத்திருந்த சின்னப் புழு. மங்கலான படம், தலை தெரியவில்லை. கீழே என் பதில்: "சாதாரணப் புல் புழு. பயிருக்கு ஒன்றும் ஆகாது. மருந்து வேண்டாம்."

"நீங்க சொன்னீங்கன்னு எங்க வூட்டுக்காரர மருந்து அடிக்க வேணாம்னுட்டேன்."

அடுத்த படத்தைத் தள்ளினார். அதே வயல், பத்து நாள் கழித்து. குருத்தெல்லாம் சல்லடை. புழு வளர்ந்திருந்தது. மக்காச்சோளத்தையே தின்று அழிக்கும் படைப்புழு.

"ஒன்னரை ஏக்கருங்க. மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டோம்."

குரலில் கோபமே இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தெரிந்தது. கையிலிருந்த டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இறங்கும்போது அவரே சொன்னார்: "பருத்தியில இன்னொரு புழு வந்திருக்குங்க. போட்டோ அனுப்பறேன், பாத்துச் சொல்லுங்க."

மத்தியானம் படம் வந்தது. இதுவும் மங்கல்.

மூன்று வருடமாக இந்தக் குழுவில் எத்தனையோ பேருக்குப் பதில் எழுதியிருக்கிறேன். "எனக்குத் தெரியவில்லை, வேளாண்மை ஆபீசில் காட்டுங்கள்" என்று இன்றுதான் முதல்முறையாக எழுதினேன்.

அதற்கும் நன்றி சொல்லியிருக்கிறார்.

இப்படிக் குழுக்களில் பதில் சொல்லும் உங்களில் யாருக்காவது 'தெரியவில்லை' என்று எழுதும் பழக்கம் முன்பே உண்டா?