அழிக்கப்படாத தொலைபேசி இலக்கம்

இருபது வருடம் இருக்கும். பாரிஸுக்கு வந்த புதிதில், லா சப்பல் பகுதியில் ஓர் ஒற்றை அறையில் நாங்கள் குடியிருந்த காலம். எனக்குப் பிரெஞ்சில் போன்ஜூர், மெர்சி தவிர ஒன்றும் தெரியாது. கணவருக்கு உணவகச் சமையலறைப் பிரெஞ்சு தெரியும். அதை வைத்துக்கொண்டு கடிதம் வாசிக்க முடியாது. வருகிற கடிதங்களையெல்லாம் ஒரு பையில் போட்டு வைத்து, ஞாயிற்றுக்கிழமை ரூ காய் என்ற தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணையிடம் கொண்டுபோவோம். அவர் பூசை முடிந்து வந்து ஒவ்வொன்றாக வாசித்துச் சொல்லுவார். எங்களைப் போல இன்னும் பல குடும்பங்கள் பையோடு வரிசையில் நிற்கும்.

அந்த மார்ச்சில் அண்ணை ஒரு கல்யாணத்துக்கு லண்டன் போய்விட்டார். இரண்டு ஞாயிறு கடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, வந்திருப்பாரோ என்று பார்க்க மகளையும் பையையும் தூக்கிக்கொண்டு போனேன். "அண்ணை நாளைக்குத்தான் வாறார்" என்றார் கடையில் நின்றவர். வெளியே கொட்டுகிற மழை. நனையாமல் ஒதுங்கப் பக்கத்திலிருந்த நூலகத்துக்குள் நுழைந்தேன்.

மகளுக்கு அப்போது மூன்று வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். பிடிவாதக்காரி என்று நினைத்து எத்தனை தரம் அடித்திருக்கிறேன்! அவளுக்குத் தடுப்பூசி போட்ட மருத்துவர் எங்கேயோ எழுதி அனுப்பியிருந்தார். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

நூலகத்தில் அவள் பையைக் கவிழ்த்து ஒரு கடிதத்தில் கிறுக்கத் தொடங்கினாள். அங்கே வேலை செய்த பெண்மணி சிரித்துக்கொண்டே அதைக் கையில் எடுத்தார். பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கடிகாரத்தைக் காட்டினார், மகளைக் காட்டினார், தன் காதைத் தொட்டார். நான் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

அந்த நூலகம் பல வருடமாக வைத்திருந்த தகவல் பட்டியலை அப்போதுதான் இணையத்தில் ஏற்றியிருந்தது. பிரெஞ்சு வகுப்பு எங்கே, மருத்துவர் எங்கே, எந்த மொழிக்காரருக்கு யார் உதவுவார்கள் என்று அந்த வட்டாரத்து விபரமெல்லாம் அதில் இருக்கும். அதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அவர் கணினியில் தேடி, ஓர் இலக்கத்தை அழுத்தி, தொலைபேசியை என் கையில் தந்தார்.

"ஆர் கதைக்கிறது? அந்த உதவிச் சங்கத்தை மூடி ரெண்டு வருசமாச்சு. இது நான் சங்கத்துக்குக் குடுத்திருந்த என்ரை வீட்டு நம்பர். லிஸ்டிலை இருந்து எடுங்கோ எண்டால் எடுக்கிறாங்களில்லை!" என்று ஒரு பெண்குரல் சீறியது.

தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அழாதையும். ஃபோனை அவவிட்டைக் குடும்." அவர்கள் இருவரும் பேசினார்கள். தொலைபேசி திரும்ப என்னிடம் வந்தது. "பிள்ளைக்குக் காது சோதிக்க இண்டைக்கு ரெண்டு மணிக்கு ஆஸ்பத்திரியிலை வரச்சொல்லிக் கிடக்கு. விட்டால் இனி ஆறு மாசம் காத்திருக்கவேணும். அங்கையே நில்லும், வாறன்."

இருபது நிமிடத்தில் வந்தார். என்னைவிட நான்கைந்து வயது கூடியவராக இருப்பார். ஒபர்வில்லியே என்ற புறநகரில் உள்ள தையற்கூடம் ஒன்றுக்கு வீட்டிலிருந்து தைப்பவர். சுவெட்டர் முழுக்க நூல். மெத்ரோ ரயிலில் வழிநெடுக எனக்கு ஏச்சு. "கடிதமென்ன ஊறுகாயே, ஊறப்போட்டு வைக்க?"

பரிசோதனை முடிந்ததும் மருத்துவர் சொன்னதை அவர்தான் தமிழில் சொன்னார். "காதுக்குள்ளை நீர் கட்டியிருக்காம். சின்ன ஒப்பரேசன், பிறகு கேக்குமாம். பிள்ளை பிடிவாதமில்லை." நான் அடித்த அடியெல்லாம் அந்த நிமிடத்தில் எனக்கே விழுந்தது. அவர் என் முதுகைத் தடவிவிட்டார். அப்போது மட்டும் ஏசவில்லை.

சிகிச்சை முடிந்த சில வாரத்தில், குக்கர் விசிலடித்தபோது மகள் திடுக்கிட்டுத் திரும்பினாள். நான் உடனே அவருக்குத்தான் தொலைபேசி எடுத்தேன்.

அதற்குப் பிறகு எப்போது அவர் வீட்டுக்குப் போனாலும் அதே புலம்பல்தான். "இண்டைக்கும் மூண்டு பேர் ஃபோன் எடுத்திட்டினம். தைக்க விடுகினமில்லை." அடுத்த வருடம், ஓரளவு பிரெஞ்சு பழகியதும், பட்ட கடனுக்கு ஒரு கைம்மாறாவது செய்வோமென்று நூலகத்துக்குப் போனேன். பாவம், அவருடைய இலக்கத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

அதே பெண்மணி புரியாமல் என்னைப் பார்த்தார். பட்டியலில் உள்ளவர்களுக்கு ஒவ்வொரு வருடமும் கடிதம் அனுப்பி, விபரம் சரியா, நீக்கவா என்று கேட்பார்களாம். கோப்பிலிருந்து அவருடைய படிவங்களை எடுத்துக் காட்டினார். மூன்று வருடத்துப் படிவங்கள். மூன்றிலும் 'சரி' என்ற கட்டத்தில் அடையாளம், கீழே கையெழுத்து. கடைசிப் படிவத்தில், நான் அழைத்ததற்குப் பிறகு நிரப்பியதில், கையால் ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தார்: 'எந்த நேரமும் அழைக்கலாம்.'

இலக்கம் அப்படியே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்த வாரமும் அவர் புலம்பினார். "ஓம் அக்கா, சரியான கரைச்சல்தான்" என்றேன்.

மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. வாய் ஓய்வதில்லை, பாதி பிரெஞ்சில். யாராவது சலித்துக்கொண்டே எனக்கு உதவ வந்தால் இப்போதெல்லாம் மனம் நோவதில்லை. அந்தப் படிவத்தின் கடைசி வரிதான் ஞாபகத்துக்கு வருகிறது.